காசு கொடுத்துக் குலுங்க வரும் தம்பிகளுக்கு

கிராவல் பைக்கா தம்பி இது, மண் ரோட்டுல ஓட்டற சைக்கிளாமே? தொட்டுப் பாக்கலாமா, இல்ல தொட்டா விலை ஏறிடுமா? லட்சத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றீங்க. அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. செங்கல்பட்டு ஜில்லாவில இன்னிக்கு லட்ச ரூவாயில முழுசா வாங்கக்கூடியது கறவை மாடும் சைக்கிளும்தான், மத்ததெல்லாம் அட்வான்ஸுக்கே பத்தாது. ஒரு சந்தேகம் மட்டும். வண்டியில ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட இல்ல. இத்தனையும் கழட்டினதுக்கா இவ்வளவு கூலி?

கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பாத்தா எனக்கு சந்தோஷம்தான். எங்க ஊர் ரோடு நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆளுங்க நீங்கதான். குண்டும் குழியுமா இருக்குன்னு நாங்க மனு எழுதிகினு இருக்கோம். அதே குண்டையும் குழியையும் தேடி நீங்க மெட்ராஸ்லேர்ந்து இருட்டோட கெளம்பி வர்றீங்க. கார் மேல சைக்கிளைக் கட்டி எடுத்தாந்து, இறக்கி, ஏறி, நல்லாக் குலுங்கிட்டு, மறுபடியும் கார் மேல ஏத்திகினு போறீங்க. எங்க காலத்துல சைக்கிள்தான் ஆளைச் சுமக்கும்.

2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி ஜில்லா ஆச்சு. அதுக்கு முன்னாடி மனுவைத் தூக்கிகினு காஞ்சிபுரம் போவணும். இப்ப பஸ் செலவு மிச்சம், மனு அதேதான். ரோடு நல்லா ஆவறதுக்கு எங்க பக்கம் வேற ஒரு வழி இருக்கு. 2019 அக்டோபர்ல சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்தாரு, ஊரே பளபளன்னு ஆயிடுச்சு. 2022ல பூஞ்சேரியில செஸ் ஒலிம்பியாடு வெச்சாங்க, மறுபடியும் பளபள. எங்க ஏரிக்கரைப் பக்கம் எந்த அதிபரும் வர்றதில்ல, யானை குதிரை நகத்தறவங்களும் வர்றதில்ல. அதனாலதான் உங்க கிராவல் இன்னும் பத்திரமா இருக்கு. பெரிய மனுஷங்க யாரையாவது கூட்டியாந்து காரியத்தைக் கெடுத்துடாதீங்க.

இதே பாதையில நாங்களும் மிதிச்சவங்கதான். அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. கம்பெனியில செஞ்ச ஹெர்குலிஸ். வெறும் வண்டியே இருபது கிலோவுக்கு மேல இருக்கும். கேரியர்ல நெல்லு மூட்டை, ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் பால் கேனு, முன்பார்ல ஒரு புள்ள. கால் எட்டாத வயசுல பாருக்குக் கீழ காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். ஏரிக்கரை மேல ஏத்தி, கலங்கல்ல இறக்கி, மணல்ல தள்ளிகினு சந்தைக்குப் போய்ச் சேருவோம். அதுக்கு அட்வென்ச்சர்னு ஒரு பேரு இருக்கிறது தெரியாமப் போச்சு. நாங்க அதைக் கடன்னு சொல்லிகினு இருந்தோம்.

எங்க ஊர்க்காரனை மட்டும் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. பதினொண்ணாம் கிளாஸுல கவர்மெண்டு கொடுக்கிற விலையில்லா சைக்கிளைப் புள்ளைங்க ரெண்டு வருஷம் மிதிக்குது. அப்பால அது தாழ்வாரத்துல நின்னுகினு ஈரத்துணி காயப்போட உதவுது. எதிர்க்க இருக்கிற கடையில பீடி வாங்க எங்காளு மோட்டார் பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்றான். இன்னிக்கு எங்க பக்கம் சைக்கிள் மிதிக்கிறவங்க ரெண்டே வகை. வேற வழி இல்லாதவங்க, எல்லா வழியும் இருக்கிற நீங்க.

பேரன் போன்ல ஒரு படம் காட்டினான். இத்தாலியில டஸ்கனியாம். மேடும் பள்ளமுமா திராட்சைத் தோட்டம், குன்று மேல கல்லு வீடு, நடுவுல வெள்ளை மண் ரோடு. அந்த ரோட்டையெல்லாம் தார் போட்டு மூடிடப் போறாங்கன்னு பயந்து, கயோலேங்கிற ஊர்ல 1997ல லெரோயிகான்னு ஒரு சைக்கிள் ஓட்டம் ஆரம்பிச்சாங்களாம். ஓட்டம் பெருசாச்சு, ரோடு பிழைச்சுது. அதுலேர்ந்து மொளைச்சதுதான் 2007ல தொடங்கின ஸ்ட்ராடே பியாங்கே. அதுல பெரிய பெரிய வீரனெல்லாம் புழுதியில உருள்றான். லெரோயிகாவில ஒரு சட்டம் இருக்கு. 1987க்கு முன்னாடி செஞ்ச சைக்கிளுக்குத்தான் அனுமதி. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம ஊர்லயும் 1987தான் கணக்கு. அதுக்கு முன்னாடி இறக்கின கள்ளுக்குத்தான் அனுமதி.

அந்த வருஷம் போட்ட தடை இன்னும் நிக்குது. அதனால ஓட்டி முடிச்சதும் டஸ்கனிக்காரன் கிளாஸைத் தூக்கறாப்பல நீங்களும் தூக்கணும்னா, எங்ககிட்ட பதநீர்தான். பானை உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மரத்துல கட்டினா பதநீர், தடவாமக் கட்டினா கேசு. நடுவுல இருக்கிறது ஒரு விரல் சுண்ணாம்பு. தை பொறந்தா சீசன், வெயில் காலம் முழுக்கக் கிடைக்கும். பொழுது ஏறுறதுக்குள்ள ஓலைப் பட்டையில வாங்கிக் குடிச்சுடணும். ஒன்பது மணிக்கு வந்து 'சில்லுன்னு இருக்கா'ன்னு கேக்கக் கூடாது. 'சர்க்கரை இல்லாம இருக்கா'ன்னு கேக்கவே கூடாது. இனிக்கிறதுக்குத்தான் அந்த மனுஷன் இருட்டுல மரம் ஏறியிருக்கான். சுண்ணாம்பு தடவாத பானை எங்க இருக்குன்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

சரி, வழி சொல்றேன். செங்கல்பட்டுலேர்ந்து ஆரம்பிங்க. மெட்ராஸ்லேர்ந்து வரும்போதே பரனூர் தாண்டினதும் கொளவாய் ஏரி கண்ணுல படும். கோட்டையைத் தேடி அலையாதீங்க. விஜயநகர ராஜாங்க கட்டி, 1752ல கிளைவ் துரை பிடிச்ச கோட்டை. அப்பால ரயில்காரன் தண்டவாளத்தை அதுக்குள்ளயே விட்டுட்டான். ரயில்ல வந்தீங்கன்னா கோட்டையைப் பாக்காமலே கோட்டைக்குள்ள போய் வந்துடலாம். அங்கேர்ந்து மெயின் ரோட்டை விட்டுட்டு ஒழலூர், பொன்விளைந்த களத்தூர்னு வயக்காட்டுப் பக்கமா வாங்க. அதுதான் ருசி.

களத்தூர் வரும்போது அந்தப் போனைக் கொஞ்சம் பையில போடுங்க தம்பி. அந்தகக்கவி வீரராகவ முதலியார் புழங்கின ஊரு அது. ரெண்டு கண்ணும் தெரியாதவரு. திருக்கழுக்குன்றத்துக்குப் புராணம் பாடினாரு, கடல் தாண்டிப் போய் யாழ்ப்பாண ராஜாவைப் பாடிப் பரிசு வாங்கினாருன்னு சொல்லுவாங்க. நீங்க ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுகினு, எதிர்ல கோபுரம் தெரியும்போது, 'இருநூறு மீட்டர்ல இடது பக்கம் திரும்பவும்'னு ஒரு பொம்பளை சொன்னாத்தான் திரும்பறீங்க. அந்தம்மா ஒருநாள் உங்களை நேரா களத்து மேட்டுல கொண்டு போய் விட்டுடும். அங்க நெல்லு காய வெச்சிருப்பாங்க. அது மேல ஓட்டிட்டு 'சாரி'ன்னு சொன்னா, பதிலுக்கு எங்க வீட்டம்மா சொல்ற தமிழை உங்க போனால மொழிபெயர்க்க முடியாது.

ஊருக்குள்ள நுழையும்போது சில சங்கதி. மார்கழியில தெருவெல்லாம் கோலம் இருக்கும், ஓரமா போங்க. நாய் துரத்தினா வேகமா மிதிக்காதீங்க. அதுக்குத் துரத்தறதுதான் வேலை, ஓடறவன் இருந்தா வேலை நடக்கும். இறங்கி நின்னுடுங்க. கலர் டவுசர் போட்ட ஆளு நின்னு பேசறதை அது பாத்ததில்ல, குழம்பிப் போய்த் திரும்பிடும். மழைக்கு அப்பால பாதையோரத்துல மஞ்சளா பூ பூத்துக் கெடக்கும், அழகா இருக்குன்னு அது மேல ஏத்தாதீங்க. நெருஞ்சி. டியூப் இல்லாத டயருக்குள்ள பாலை ஊத்தி வெச்சிருக்கோம், தானா அடைச்சுக்கும்னு சொல்லுவீங்க. ஒரு முள்ளை அடைக்கும். நெருஞ்சி ஒண்ணா வர்ற சாதி இல்ல. ஒரு பழைய டியூபும் கையடிப் பம்பும் வெச்சுக்குங்க. எங்க பஞ்சர் கடைக்காரர் உங்க சக்கரத்தைத் தண்ணித் தொட்டியில முக்கிப் பாப்பாரு, அதுக்கு மேல அது என்னன்னு உங்களைத்தான் கேப்பாரு.

இப்ப ஏரிக்கரை. இதைச் சிரிக்காமக் கேளுங்க. கரை மேல ஓட்டறது தனி சுகம், எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நாத்து, நடுவுல கெட்டி மண்ணு, காத்து. ஆனா அதை யாரும் பாதைக்குன்னு போடல. தண்ணியை நிறுத்தறதுக்குப் போட்டது. ஐப்பசி கார்த்திகையில கரை ஊறிப் போய் இருக்கும்போது உங்க நாப்பது மில்லிமீட்டர் டயர் கீறிட்டுப் போற தடத்துல தண்ணி ஓடி, ஓடை விழுந்து, கரை கரையும். மதுராந்தகம் ஏரிக் கதை கேட்டிருப்பீங்க. 1798ல புயல் மழை, கரை உடையப் போவுதுன்னு கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை ராத்திரியில பாக்கப் போனாரு. வில்லும் அம்புமா ரெண்டு பேர் கரையில காவல் நிக்கறதைக் கண்டாருன்னு கதை. கரை நின்னுது. துரை தாயாருக்கு சன்னதி கட்டிக் கொடுத்தாரு, கோயில்ல கல்வெட்டு இருக்கு. சாமிக்கே ஏரி காத்த ராமர்னு பேரு. ராமரும் லட்சுமணரும் நனைஞ்சுகினு காத்த கரையில மழை நாள்ல நீங்க வீலி அடிக்காதீங்க. தை, மாசியில வாங்க. மண்ணு இறுகியிருக்கும், பனி இருக்கும், வெயில் ஏற நேரமாவும்.

அதே பிளேஸ் துரைகிட்டதான் வேடந்தாங்கல்காரங்க போய் நின்னாங்க. சிப்பாய்ங்க வந்து பறவையைச் சுடறாங்கன்னு முறையிட்டாங்க. சுடக் கூடாதுன்னு கவுல், அதாவது உத்தரவு, எழுதி வாங்கினாங்க. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துலயே எழுதி வாங்கின ஊருங்க எங்களுது. மனுன்னா சும்மா நெனைச்சுடாதீங்க, பின்னால வர்றேன் அதுக்கு.

திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது இன்னொரு பயம் இருக்கு. டிப்பர் லாரி. எங்க மலைக் கல்லு ரொம்பக் கெட்டி. படிச்சவங்க சார்னோகைட்டுன்னு சொல்லுவாங்க. கல்கத்தாவில ஜாப் சார்னாக் துரையோட சமாதியில இருக்கிற கல்லு பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுன்னு தெரிஞ்சு வெச்ச பேராம். இந்தக் கல்லை உளியால கொத்தி வல்லத்துல மகேந்திரவர்மன் காலத்துல ஒரு குகைக்கோயில் பண்ணினாங்க. இன்னிக்கு வெடி வெச்சு, கிரஷர்ல போட்டு, முக்கா ஜல்லி, ஒண்ணரை ஜல்லி, எம் சாண்டுன்னு பிரிச்சு, மெட்ராஸுக்கு அனுப்பறாங்க. நீங்க குடியிருக்கிற பதினாலாவது மாடி எங்க மலையாத்தான் இருக்கும். நீங்க மலையைப் பாக்க இங்க வர்றீங்க, மலை உங்களைப் பாக்க அங்க வந்துடுச்சு. லாரி வளைவுல திரும்பும்போது ஜல்லி சிந்தும். கிராவல் டயர்தானேன்னு சாயாதீங்க. தார் மேல சிந்தின ஜல்லியில எந்த டயரும் நிக்காது. பின்னால ஹாரன் கேட்டா தன்மானம் பாக்காம மண்ணுல இறங்கிடுங்க. ரோடு உங்களுதுன்னு வாதாட லாரிக்காரருக்கு நேரம் இல்ல, நடைக் கணக்கு அவருக்கு.

மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல படி. ஹார்ட்டு எவ்வளவு அடிக்குதுன்னு காட்டற கடிகாரத்தைக் கீழயே கழட்டி வெச்சுட்டு ஏறுங்க, பாத்தாப் பயந்துடுவீங்க. தினம் மதியம் ரெண்டு கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுப் போன மலை அது. காசியில குளிச்சுட்டு வருதுன்னு ஒருத்தர், ராமேஸ்வரத்துலேர்ந்து வருதுன்னு ஒருத்தர், ஆளுக்கொரு கணக்கு. 1990களோட வரத்து நின்னு போச்சு. எவ்வளவு கிலோமீட்டர் பறந்ததுன்னு அதுங்க எங்கயும் பதிவு போடலை. அதே மலையில ஒருக்கல் மண்டபத்துல டச்சுக்காரங்க பேரைச் செதுக்கி வெச்சிருக்காங்க, 17ஆம் நூற்றாண்டு. சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து மலை பாக்க வந்தவங்க. உங்களுக்கு முன்னாடி எங்களுக்கு வந்த வார விடுமுறைக்காரங்க அவங்கதான். அவங்க செதுக்கினது இன்னிக்கு சரித்திரம். நீங்க செதுக்கினா போலீஸ் கேஸு.

சதுரங்கப்பட்டினத்தைச் சுருக்கமா பாருங்க. டச்சுக் கோட்டை, உள்ள கல்லறைங்க, நல்ல வேலைப்பாடு. சல்லாத் துணிக்காக வந்தவங்க. 1782 பிப்ரவரியில பிரெஞ்சுக்காரன் கப்பலும் இங்கிலீஷ்காரன் கப்பலும் இந்தக் கரைக்கு எதிர்லதான் முட்டிக்கிச்சு. எங்க ஆளுங்க கரையில நின்னு வேடிக்கை பாத்திருப்பாங்க, எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் வரி நமக்குத்தான்னு. பக்கத்துலயே கல்பாக்கம் அணு மின் நிலையம். அங்க குறுக்கு வழி தேடாதீங்க, கம்பி வேலியைப் போட்டோ எடுக்காதீங்க. துப்பாக்கி வெச்சிருக்கிறவருக்கு கிராவல் பைக்குன்னா இன்னான்னு விளக்கிகினு நிக்கணும். சவுக்குத் தோப்பு மணல்ல அழகா ஒரு தடம் போவும். இறங்கித் தள்ளுங்க, வெக்கம் இல்ல.

அப்பால மாமல்லபுரம். ரதம், கடற்கரைக் கோயில்னு எல்லாரும் எடுக்கிற போட்டோவை எடுத்துக்குங்க. அர்ச்சுனன் தபசுக்கு முன்னாடி மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்க. யானைக்குக் கிட்டக்க ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணும், காலடியில எலிங்க. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ச் சிற்பி அந்தப் பூனையைப் பாத்துட்டான். அதை ஏன் சொல்றேன்னா, போன தடவை ஒரு தம்பி வந்தாரு. ஏரிக்கரையில உக்காந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தாரு. 'இன்னா அமைதி, இன்னா காத்து, இதுதான் வாழ்க்கை தாத்தா'ன்னாரு. கண்ணைத் தொறந்ததும் கேட்ட முதல் கேள்வி, 'இங்க கிரவுண்டு இன்னா விலை?'

இதுதான் தம்பி, நான் பேச வந்ததே. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் அமைதின்னுதான் சொன்னாங்க. அமைதியை வாங்கினாங்க. சுத்தி காம்பவுண்டு போட்டாங்க, கேட்டுல கேமரா வெச்சாங்க. வித்தது நாங்கதான், அதை மறைக்கல. ராத்திரியில ஏரியில மண்ணு அள்றவனும் எங்க ஊர்க்காரன்தான், அதையும் மறைக்கல. ஆனா நெலத்துக்கு நடுவுல ஓடின வண்டிப்பாதையை யாரும் விக்கல. அது விக்கிறதுக்கு யாரோடதும் இல்ல. அ பதிவேட்டுல புறம்போக்குன்னு இருக்கும், புல வரைபடத்துல கோடு இருக்கும், தரையில போய்ப் பாத்தா சுவர் இருக்கும். கேட்டா, 'இங்க யாரு போறா, மாட்டு வண்டியா ஓடுது?'ன்னு கேக்கறாங்க. நியாயம்தான். மாட்டு வண்டி ஓடலை. நீங்கதான் ஓடறீங்க.

அதனால உங்க குலுக்கலுக்கு ஒரு உபயோகம் கண்டுபிடிச்சிருக்கேன். ஊருக்குள்ள ரோட்டுக்குத் தார் வேணும். ஆம்புலன்சு வரணும், ஸ்கூல் புள்ள விழாமப் போவணும். அதுக்குக் குறுக்க நின்னு 'இயற்கையா இருக்கட்டும்'னு நீங்க சொன்னா நானே நாயை அவுத்து விடுவேன். ஆனா வயக்காட்டு வண்டிப்பாதைக்கும் ஏரிக்கரைக்கும் தாரும் வேணாம், சுவரும் வேணாம். அது மண்ணாவே, எல்லாருக்கும் பொதுவாவே இருக்கட்டும். ஆடு போவும், கரும்பு வண்டி போவும், நீங்களும் போங்க.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கும். அதுல ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 நாலும் உங்களுக்கும் லீவு நாள்தான். வெளியூர்க்காரங்க கை தூக்க முடியாது, ஓரமா நிக்கலாம். நீங்க போன வழியை உங்க போன் செவப்புக் கோடா வரைஞ்சு வெக்குதே, தேதி, மணி எல்லாம் போட்டு? அந்தக் கோட்டைப் பெருசா பிரிண்டு எடுத்துகினு வாங்க. இந்தத் தேதியில இந்தப் பாதையில ஆளு போச்சுன்னு அதுல இருக்கும். மனுவை நான் எழுதிக்கிறேன், கை பழகிப் போச்சு. மூணு காப்பி எடுங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு, ஒண்ணு தொலையறதுக்கு.